குதிகாலும் மணிக்கட்டும்

மறதிநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் இரவு எப்படிக் கழியும் என்பது அந்த வீட்டாருக்குத்தான் தெரியும். நள்ளிரவில் எழுவார், தாழ்ப்பாளை நீக்குவார், தெருவில் இறங்கி நடப்பார். எங்கே போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. மறதிநோயாளிகளில் பத்தில் ஆறு பேராவது ஒருமுறையேனும் இப்படி வழிதவறிப் போகிறார்கள் என்கிறது அமெரிக்காவின் அல்சைமர் சங்கம். அதனால் பார்த்துக்கொள்கிறவருக்கும் தூக்கம் கிடையாது. அரைக்கண் மூடினாலும் காது பக்கத்து அறையிலேயே இருக்கும்.

கென்னத் ஷினோசூகா என்ற அமெரிக்கச் சிறுவனின் குடும்பமும் இப்படித்தான் தவித்தது. கென்னத்துக்கு நான்கு வயது இருக்கும்போது ஜப்பானில் ஒரு பூங்காவில் தாத்தாவோடு நடந்துகொண்டிருந்தான். தாத்தாவுக்குத் திடீரென்று வழி தெரியாமல் போய்விட்டது. பின்னாளில் அவர் இரவுகளில் எழுந்து அலைவது கூடிக்கொண்டே போனது. கவனித்துக்கொண்ட உறவினர் கண்விழித்துக் காத்தும் பல இரவுகளில் அவர் எழுந்து போனது தெரியவில்லை. ஓர் இரவு தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்த கென்னத்தின் கண்ணில் ஒன்று பட்டது. கட்டிலைவிட்டு இறங்கிய தாத்தா தரையில் காலை ஊன்றினார்.

எல்லாரும் தினமும் பார்க்கிற காட்சிதான். கதவில் மணி கட்டலாம், அறையில் கேமரா வைக்கலாம். ஆனால் மணி ஒலிக்கும்போது அவர் வாசலுக்கே வந்திருப்பார். கேமராவை இரவு முழுக்க யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுகிற மனிதர் எந்தப் பக்கம் இறங்கினாலும், எந்தக் கதவை நோக்கி நடந்தாலும், முதலில் பாதத்தை ஊன்றியே ஆக வேண்டும். அந்தக் குதிகாலுக்கடியில் ஓர் அழுத்த சென்சாரை வைத்தால் என்ன என்று அவன் யோசித்தான்.

காலுக்கடியில் வைப்பதென்றால் அது உறுத்தக் கூடாது. உறுத்தினால் மறதிநோயாளி கழற்றி எறிந்துவிடுவார். ஏன் போட்டிருக்கிறோம் என்று அவருக்கு நினைவிருக்காது. கென்னத் தேடிப்பிடித்தது காகிதம்போல் வளையும் ஒரு படலம். அதில் பூசியிருக்கும் மையில் மின்சாரத்தைக் கடத்தும் நுண்துகள்கள் கலந்திருக்கின்றன. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் பின்னால் நிற்பவரிடமிருந்து முன்னால் நிற்பவருக்கு ஒரு தண்ணீர்ச் செம்பு கைமாறிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் தள்ளித்தள்ளி நின்றால் செம்பு நகராது. நெருக்கியடித்து நின்றால் பத்து வழியில் போய்ச் சேரும். துகள்களும் அப்படித்தான். அழுத்தம் இல்லாதபோது அவை விலகி நிற்கின்றன, மின்தடை மிக அதிகம். மேலே எடை விழுந்ததும் ஒன்றையொன்று தொடுகின்றன, மின்தடை சட்டென்று சரிகிறது. அந்தச் சரிவை அளந்தால் அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பல எச்சரிக்கைக் கருவிகள் தோற்பது பொய்யாக அலறித்தான். நாலு முறை வீணாக எழுப்பினால் ஐந்தாம் முறை யாரும் எழமாட்டார்கள். ஆனால் குதிகாலில் அந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. தூக்கத்தில் புரளும்போது பாதத்தின்மேல் விழுவது போர்வையின் எடை. எழுந்து நிற்கும்போது விழுவது ஒரு மனிதரின் எடை. இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு போட்டாலும் பெரிய தவறு நேராது. கெட்டிக்காரத்தனமான மென்பொருள் எழுதிச் சமாளிக்க வேண்டிய சிக்கலை, சென்சாரை வைத்த இடமே தீர்த்துவிட்டது.

அடுத்தது மின்சாரம். கணுக்காலில் கட்டும் கருவிக்கு நாணயம் அளவு வில்லை பேட்டரிதான் தாங்கும். பரவலாகக் கிடைக்கும் சிஆர்2032 வகை வில்லையில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் இருக்கிறது. வைஃபை போல 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் கம்பியில்லாத் தொடர்பை ஓட்டினால் கணக்குப்படி இரண்டு மணி நேரத்தில் காலி. உண்மையில் அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் தரவும் அந்த வில்லையால் முடியாது. கென்னத் தேர்ந்தெடுத்தது குறைந்த ஆற்றல் புளூடூத். நோக்கியா நிறுவனம் 2006இல் விப்ரீ என்ற பெயரில் அறிமுகப்படுத்தி, 2010இல் புளூடூத் தரத்தோடு சேர்ந்த தொழில்நுட்பம் அது. பெரும்பாலான நேரம் தூங்கும். சொல்ல ஏதாவது இருந்தால் நொடியின் ஒரு சிறு துளியில் விழித்து, சேதியைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். சராசரியாக 10 மைக்ரோ ஆம்பியர் மட்டும் இழுக்கும் சுற்று ஒன்றை அதே வில்லை இரண்டரை ஆண்டுவரை ஓட்டும் என்கிறது கணக்கு.

சென்சாரைக் காலுறையில் பதித்து, சுற்றை இணைத்து, கவனிப்பவரின் கைபேசியில் ஒலியெழுப்பும் செயலியையும் அவனே எழுதினான். ஏறத்தாழ ஓர் ஆண்டு தாத்தாவிடமே சோதித்ததில், அவர் எழுந்த 900க்கும் மேற்பட்ட தருணங்களையும் கருவி ஒன்றுவிடாமல் பிடித்ததாக 2014இல் டெட் மேடையில் சொன்னான். ஒரே ஒருவரிடம் செய்த சோதனை அது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். அதே ஆண்டு கூகுள் அறிவியல் போட்டியில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழ் வழங்கிய 50,000 டாலர் பரிசு அவனுக்குக் கிடைத்தது. அப்போது வயது 15.

குதிகால் எடையைச் சொல்கிறது. மணிக்கட்டு சொல்வது இன்னும் ஆழமான சேதி. எம்.ஐ.டி. மீடியா லேபில் பேராசிரியராக இருக்கும் ரோசலிண்ட் பிக்கார்ட் மின்பொறியாளர். முன்பு பெல் ஆய்வகத்தில் சிப் வடிவமைத்தவர். மனிதரின் உணர்ச்சியைக் கணினி அறிய வேண்டும் என்று முனைந்து, தோலின் மின்கடத்தலை அளக்கும் மணிக்கட்டுப் பட்டைகளை அவருடைய குழு செய்தது. பதற்றத்தில் கை வியர்க்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. வியர்வை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. சுரப்பிகளின் குழாயில் உப்புநீர் ஏறியதும் தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துகிறது.

ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு, பேச்சு வராத ஆட்டிசக் குழந்தையான தன் தம்பிக்கு எது மனஅழுத்தம் தருகிறது என்று அறிய விரும்பிய மாணவர் ஒருவர் பட்டைகளை இரவல் கேட்டார். பட்டைகள் அடிக்கடி பழுதாகும் என்பதால் பிக்கார்ட் இரண்டாகக் கொடுத்தார். மாணவர் தம்பியின் இரு கைகளிலும் ஒவ்வொன்றைக் கட்டினார். பதிவுகளைப் பார்த்தபோது ஒரு கையில் மட்டும் மலைபோல ஓர் உச்சம். மறு கையில் ஒன்றுமே இல்லை. கருவி கெட்டுவிட்டது என்றுதான் பிக்கார்ட் முதலில் நினைத்தார். எவ்வளவு முயன்றும் அப்படியொரு உச்சத்தை ஆய்வகத்தில் வரவழைக்க முடியவில்லை. கடைசியில் விடுமுறையிலிருந்த மாணவருக்கே தொலைபேசினார். நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்த மாணவர் சொன்னார்: அந்த உச்சத்துக்குச் சற்று நேரம் கழித்துத் தம்பிக்குப் பெரும் வலிப்பு வந்திருக்கிறது.

கெட்டுப்போன கருவி என்று தூக்கி வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிக்கார்டின் குழு பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து வலிப்புநோய்ப் பிள்ளைகளின் மணிக்கட்டுகளில் பட்டைகளைக் கட்டிப் பதிவுசெய்தது. தோலின் கடத்தல் எவ்வளவு உயர்ந்ததோ, வலிப்பு முடிந்தபின் மூளையின் மின்னலைகள் அவ்வளவு நேரம் அடங்கிக் கிடந்தன. வலிப்புநோயாளிகளின் திடீர் மரணத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது இந்த அடக்கம்தான். வலிப்புநோய் உள்ள பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அப்படி இறக்கிறார். பெரும்பாலும் இரவில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. இந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த எம்பிரேஸ் என்ற கைக்கடிகாரம் வியர்வையோடு கையின் உதறலையும் சேர்த்துப் பார்த்து, உறவினரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அதற்கு அனுமதி அளித்தது. வலிப்பை முன்கூட்டிச் சொல்லும் கருவி அல்ல அது. வந்துவிட்டது, ஓடி வாருங்கள் என்று கூப்பிடுகிற கருவி.

ஓடி வருகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் இரும்புச் சாவியைத் தேடித்தான் ஓடுகிறார்கள். சாவி எதையும் நிறுத்தாது. வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். இடிபடும் பொருள்களை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழையுங்கள். உதறல் நின்ற பிறகும், மூச்சு சீராகி நினைவு திரும்பும்வரை அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.