எட்டிப் பார்க்கக் கூடாத பாடம்

திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கு ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குலானுக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. ஏலம் எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டால் எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் அது தெரியாது. ஸ்ரீவராகத்தில் பெரியவர்கள் இதில் மூழ்கியிருக்கும்போது பிள்ளைகள் ஆடுகிறார்களே, துண்டுச் சீட்டு ஆட்டம், அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

ராஜா, ராணி, மந்திரி, சேவகன், போலீஸ், திருடன் என்று எழுதி மடித்து, குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்று எடுப்பார்கள். ராஜா தன்னைச் சொல்லிக்கொண்டு ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறினால் இருவரும் சீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு ராணி மந்திரியைத் தேடுவாள். இப்படியே போய், கடைசியில் போலீஸ் திருடனைப் பிடிக்க வேண்டும். அதுவரை திருடன் ராணிபோல் சிரிப்பான். ராணி திருடன்போல் விழிப்பாள்.

பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால், “அம்மா, படிச்சுச் சொல்லேன்” என்கிறார்கள். நாமும் சொல்லிவிடுகிறோம். இந்த ஆட்டத்தில் அது நடக்காது. அம்மா எட்டிப் பார்த்தால் ஆட்டம் போயிற்று! எழுத்துக்கூட்டும்போது உதடு அசைந்தாலும் மந்திரி யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே சத்தமில்லாமல், சட்டென்று, தானே படிக்க வேண்டியிருக்கிறது.

திருடனைக் ‘கள்ளன்’ என்று எழுதினால் பிள்ளைகள் அதை மலையாளம் என்கிறார்கள். நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் அதுதான் தமிழ். தாராளமாக எழுதுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஒற்றன்’ என்று இரண்டு சீட்டு சேர்க்கலாம். ஒருவருக்கு மற்றவர் யாரென்று தெரியாது. ஒவ்வொருவரும் தம் சீட்டுக்குப் பொருத்தமாக ஒரே ஒரு தமிழ்ச் சொல் சொல்ல வேண்டும். ஒற்றர் இருவரும் அதை வைத்தே கூட்டாளியை அடையாளம் காண வேண்டும். மற்றவர்கள் முந்திக்கொண்டால் ஒற்றருக்கு மதிப்பெண் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒற்றரை ஒற்றர் அறியாமல் ஆள வேண்டும் என்று வள்ளுவர் ‘ஒற்றாடல்’ அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் 2015இல் வெளியிட்ட ‘கோட்நேம்ஸ்’ ஆட்டத்திலும் ஒரு சொல்லையும் ஓர் எண்ணையும் குறிப்பாகக் கொடுத்துத்தான் ஒற்றரைக் காட்டுகிறார்கள். அது காசுக்கு வருவது, நம்முடையதற்குச் செலவில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நோட்டுத் தாளில் எழுதினால் மை மறுபக்கம் தெரியும், வாண்டுகள் கண்டுபிடித்துவிடும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை உத்தமம்.