அறுப்பு முடிஞ்சாச்சு, எல்லாரும் எப்படி இருக்கீங்க?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் தையும் மாசியும் வந்துவிட்டால், அவசரம் இல்லாமல் யாரும் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டோம். பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து வரிசை வரும். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், ஒரு புடவை. கொண்டுவருகிறவர் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் பிறந்த வீட்டுச் சேதி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்கப்புறம் சம்பா அறுப்புதான்.

சி.ஆர். 1009 ரக நெல் போட்டவர்கள் நாற்று விட்டதிலிருந்து ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்கள். கதிர் தலை சாய்ந்த பிறகு ஒரு மழை பெய்தால் போதும், அத்தனையும் போய்விடும். வயலில் ஈரம் இருந்தால் டயர் போட்ட அறுவடை வண்டி இறங்காது. பெல்ட் வண்டிக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். மணிக் கணக்கில் வாடகை என்பதால், அது வரப்போரம் வந்து நின்றுவிட்டால் பகலா ராத்திரியா என்று பார்க்க முடியாது. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்காகத்தான் எங்கள் ஊர்ச் சாலைகளில் நெல் காய்கிறது. பெண்கள் காலால் துழாவிப் புரட்டுவோம், சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். 40 கிலோ சிப்பமாக எடை போட முறை வரும்வரை, ஆண்கள் பனியில் குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பார்கள்.

இதற்கு நடுவில், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது தானாக வளர்ந்துகொள்ளும். விளைந்து பிடுங்க எழுபது நாள் ஆகும். நெல்லைப் போட்ட பிறகு உளுந்து பிடுங்கும் வரைக்கும் கிடைக்கிற இந்த இடைவெளிதான் நாங்கள் உறவு வீடுகளுக்குப் போகிற காலம்.

அறுப்பு நடக்கும்போது சேதி வராமல் இல்லை. எல்லாம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டுதான் இருந்தது. திருத்துறைப்பூண்டி அத்தை வீட்டு மாமா தவறிவிட்டார். தங்கை மகளுக்குப் பெண் குழந்தை. ஓரகத்தியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். எங்கள் அம்மா காலத்தில் இதில் பாதி இன்லேண்ட் லெட்டரில் வந்திருக்கும். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம் காட்சி. கருமாதிக் கடிதமென்றால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். தந்தி என்றால் பிரிப்பதற்கு முன்பே அழுகை கிளம்பிவிடும். அந்தத் தந்தியையும் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இப்போது சாவும் பிறப்பும் ஒரே குழுவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. சேதி சீக்கிரம் வருகிறது, அது நல்லதுதான். ஆனால் நடந்தது என்ன என்பது அதில் வருவதில்லை.

போகிற வீடுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துக்க வீடு. அங்கிருந்து நேராகப் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகக்கூடாது. வீட்டுக்குத் திரும்பி, குளித்துவிட்டு, இன்னொரு நாள்தான் போகவேண்டும். துக்க வீட்டில் நம்மை “வாங்க” என்று கூப்பிட மாட்டார்கள். நாமும் கிளம்பும்போது “போயிட்டு வரேன்” என்று சொல்லக்கூடாது. சும்மா எழுந்து வந்துவிட வேண்டும்.

மாமாவின் அடக்கத்துக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் என் வீட்டுக்காரர் போய்வந்தார். வயலில் வண்டி நின்றதால் நான் நெல்லோடு இருந்தேன். மாசி பிறந்து நெல் போட்டு முடித்த பிறகுதான் அத்தையைப் பார்க்கப் போனேன். கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்ததும், அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

“அன்னிக்கு விடியக்காலம் எந்திரிச்சு மாட்டுக்கு வைக்கோல் போட்டாரு. எப்பவும் என்னைய எழுப்புவாரு, அன்னிக்கு எழுப்பல. தூங்கட்டும்னு நெனச்சிருப்பாரு போல. காப்பி வச்சுட்டுக் கூப்புடுறேன், பதில் இல்ல…”

அதே கதையை வந்தவர்கள் எல்லோரிடமும் அத்தை சொல்லியிருப்பார். ஆனால் அடக்கத்தன்று யாருக்கு உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது? பந்தல், பறை, பச்சை மட்டை, கோடி போடுவது, யார் எப்போது வருவார்கள் என்ற விசாரணை. பதினாறாம் நாள் இன்னும் மோசம். சாப்பாடு, தலைப்பா கட்டு, செய்முறைக் கணக்கு. மறுநாள் பந்தலைப் பிரித்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். கூட்டம் நின்ற பிறகுதான் ராத்திரி நீளமாகிறது. அந்த நேரத்தில் வந்து உட்கார்கிறவரிடம்தான் முழுக் கதையையும் சொல்ல முடிகிறது. அதனால் அறுப்பு முடிந்து போவதைப் பிந்திப்போன கடமையாக நான் நினைப்பதே இல்லை. அந்த வீட்டுக்கு ஆள் தேவைப்படுகிற மாதமே அதுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே குழுவில் வராத விஷயங்களெல்லாம் வந்தன. அத்தை ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். நிலமும் பாங்கிக் கணக்கும் மாமா பெயரில் இருக்கின்றன. போட்ட நெல்லுக்கான பணமும் அந்தக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிந்து சான்றிதழ் வாங்கிவிட்டார்கள், அது நல்ல காரியம். அடுத்து வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதைத் தாசில்தார் கொடுத்தால்தான் பட்டா மாற்ற முடியும். மகன் சென்னையில் இருக்கிறான். லீவு கிடைக்கிற அன்றைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் மன்னார்குடியில் இறங்கி, பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். உளுந்து பிடுங்க ஆள் சொல்லவில்லை. ஆள் அனுப்ப நான் ஒத்துக்கொண்டேன், எங்கள் கொல்லைக்கு வருகிற ஆட்களே ஒரு நாள் அங்கேயும் போவார்கள்.

தங்கை மகள் வீட்டில் எல்லாமே வேறு மாதிரி. குழந்தைக்கு முப்பது கழிந்துவிட்டது. தாய்க்குப் பால் ஊற முத்துப்பேட்டையிலிருந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்திருந்தார்கள். பூண்டு வாசம் வாசல் வரைக்கும் வந்தது. குழந்தை கையில் பணத்தை வைத்து மூடினால் விரலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பெரியம்மா ஜாடை என்று சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மொய் நோட்டை எடுத்தேன். சித்திரையில் யார் யார் வீட்டில் கல்யாணம், அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. எங்கள் கல்யாணத்து நோட்டில் மாமா பெயருக்கு எதிரே 51 ரூபாயும் ஒரு குத்துவிளக்கும் எழுதியிருக்கிறது. இனிமேல் அந்த வீட்டுக்குச் செய்யவேண்டியதை அத்தை பெயரில் எழுதவேண்டும்.

பங்குனியில் மன்னார்குடி ராஜகோபால சுவாமிக்கு 18 நாள் திருவிழா. வெண்ணெய்த்தாழி அன்று சாமி தவழும் கிருஷ்ணனாக வருவார், தெரு நெடுக வெண்ணெய் வீசுவார்கள். மதுக்கூர், கோட்டூர், வடுவூர் என்று எங்கெங்கோ கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லோரும் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போய்ப் பார்க்க முடியாமல் போன வீடுகளை அன்றைக்குக் கடைத்தெருவிலேயே விசாரித்துவிடலாம். அத்தை இந்த வருஷம் வரமாட்டார். துக்கம் கழியவில்லை.

என் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவான். மாமா செத்த அன்று குழுவில் கைகூப்பும் படம் போட்டிருந்தான். அத்தைக்குத் தனியாகப் போன் செய்யத் தயக்கமாக இருக்கிறது, என்ன பேசுவதென்று தெரியவில்லை என்றான்.

“நீ ஒண்ணும் பேச வேணாம்யா. எப்படி ஆச்சுன்னு மட்டும் கேளு, பாட்டியே சொல்லும். காலையில பத்து மணிக்கு மேல போடு, அப்பத்தான் தனியா இருக்கும். உனக்கு அங்க பன்னெண்டரை. ராத்திரி சாப்புடுறியான்னு கேக்க மறந்துடாத.”