கிறிஸ்தவக் குடும்பத்தில் நிலம் பிரிக்கிறீர்களா? உடன்பிறந்த பெண்களுக்கும் சம பங்கு உண்டு

லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் பகுதியில் பல தோட்டங்களின் பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறது. பயிர்க்கடனுக்கோ பயிர்க் காப்பீட்டுக்கோ போகும்போதுதான் பங்குப் பேச்சு எழுகிறது. "தங்கச்சிக்குத்தான் சீர் செஞ்சாச்சே, நிலத்துல என்ன பங்கு?" என்று அண்ணன் கேட்பார். அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. நீங்கள் கிறிஸ்தவர் என்றால், சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தச் சட்டம்?

கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. இதில் பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கு கிடையாது. அப்பா இருக்கும்வரை நிலம் அவருடையது. அவர் விற்கலாம், விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் எழுதாமல் இறந்தால்தான் கீழே சொல்லும் கணக்கு.

பங்கு எப்படி?

மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சரிசமம். ஆண், பெண், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வேறுபாடு இல்லை.

உதாரணமாக, நாலரை ஏக்கர் நிலம், அதாவது 450 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு 150 சென்ட். இரண்டு மகன், ஒரு மகள் என்றால் ஆளுக்கு 100 சென்ட். அம்மா முன்பே இறந்திருந்தால் ஆளுக்கு 150 சென்ட். ஒரு மகன் முன்பே இறந்திருந்தால் அவர் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்.

சீர், நகை கழியுமா?

கழியாது. அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பணத்தையோ சொத்தையோ பங்குக் கணக்கில் கழிக்கக் கூடாது என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. மகளுக்குப் போட்ட நகைக்கும் மகனின் படிப்புச் செலவுக்கும் இதே விதிதான்.

மலைக்கு அந்தப் பக்கம்?

குமுளி தாண்டி ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அந்தப் பகுதி முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1951லேயே அந்தச் சட்டம் செல்லாமல் போய்விட்டது என்று 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இடுக்கி நிலத்துக்கும் தேனி நிலத்துக்கும் இப்போது ஒரே கணக்கு.

கல்யாணம் ஆகாத அண்ணன் இறந்தால்?

உயில் இல்லை, மனைவி மக்கள் இல்லை என்றால், அப்பா இருந்தால் முழுவதும் அப்பாவுக்கு. அப்பா இல்லாமல் அம்மா இருந்தால் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சரிசமம். இருவரும் இல்லை என்றால் உடன்பிறந்தவர்களுக்கே. 60 சென்ட் நிலம், உடன்பிறந்தவர் மூவர் என்றால் ஆளுக்கு 20. அந்த மூவரில் ஒரு அக்கா இரண்டு பிள்ளைகளை விட்டு முன்பே இறந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து சென்ட்.

செய்ய வேண்டியவை

1. இறப்புச் சான்றுடன் இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் பெயரையும் விடாமல் சேருங்கள்.

2. அதை வைத்து வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்குங்கள்.

3. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். நிலத்தை மட்டும் பிரித்தால் போதாது. கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் சர்வீஸ் யார் பெயரில், வண்டிப்பாதை எது, வாய்க்கால் தண்ணீர் யார் வழியாக வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இவற்றை விட்டால் அடுத்த தலைமுறைக்கு வழக்கு மிச்சமாகும்.

4. பங்கு வேண்டாம் என்று தங்கை மனமாரச் சொன்னாலும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வாய்ச்சொல்லும் வெள்ளைத்தாள் கையெழுத்தும் செல்லாது.

5. உயில் எழுதுவதானால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது.

பேசித் தீராவிட்டால் தேனி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

அம்மா இருக்கும்போதே எல்லோரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிடுங்கள். காலம் தாழ்த்தினால் வாரிசுகளின் எண்ணிக்கை கூடும், நிலம் துண்டாகும், தோட்டம் தரிசாகும். பங்கைச் சரியாகக் கொடுத்தால் நிலமும் நிற்கும், உறவும் நிற்கும்.