கிறுக்கலுக்கா 13 இலட்சம்?

1973ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி. தலைநகர் கான்பராவில் எழவிருந்த தேசியக் கலைக்கூடத்துக்கென ஓர் ஓவியம் வாங்கப்பட்டது. விலை 13 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர். அத்தனை பெரிய தொகைக்குக் கலைக்கூட இயக்குநரின் கையொப்பம் போதாது. பிரதமரே ஒப்புதல் தந்தார். விலையை மறைக்க வேண்டாம், மக்களுக்குச் சொல்லுங்கள் என்றும் பணித்தார்.

கிளம்பியது புயல்! குடிவெறியில் கொட்டிய வண்ணம் என்று ஏடுகள் எள்ளி நகையாடின. மக்கள் பணம் பாழாயிற்று என்று கூக்குரல் எழுந்தது. விட்லம் அஞ்சினாரா? அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலேயே அந்த ஓவியத்தை அச்சிட்டு அனுப்பினார்!

அப்படி என்ன ஓவியம் அது? பெயர் 'நீலக் கம்பங்கள்'. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக் 1952இல் முடித்தது. ஏறத்தாழ 7 அடி உயரம், 16 அடி நீளம். ஆள் இல்லை, மரம் இல்லை, மாளிகை இல்லை. வெள்ளையும் மஞ்சளும் ஆரஞ்சும் வெள்ளி நிறமும் ஓடுகின்றன, மோதுகின்றன, பின்னிக் கிடக்கின்றன. ஊடே, சாய்ந்து நிற்கும் 8 நீலக் கம்பங்கள்.

எனக்கும் இதற்கும் என்ன உறவு என்று உழைக்கும் தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

போலாக் சீமான் வீட்டுச் செல்வர் அல்லர். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தவித்த 1930களில், அரசின் வேலைத் திட்டத்தில் கூலி பெற்று ஓவியம் தீட்டியவர். 1936இல், மெக்சிகோவின் பொதுவுடைமை ஓவியர் சிக்கேரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் சேர்ந்தார். மே நாள் ஊர்வலத்துக்கு ஊர்தி அலங்கரித்த பட்டறை அது! தொழிற்சாலை வண்ணத்தை ஊற்றியும் தெளித்தும் படம் ஆக்கும் சோதனைகள் அங்கே நடந்தன.

பின்னாளில் போலாக் துணியைத் தரையில் விரித்தார். சுற்றிச் சுற்றி நடந்தார். சுவருக்கும் கதவுக்கும் பூசும் எனாமல் வண்ணத்தைக் குச்சியால் அள்ளி வீசினார். கை விரைந்தால் கோடு மெலியும்; தயங்கினால் வண்ணம் தேங்கும். அழும் முகத்தை வரைந்து துயரத்தைக் காட்டவில்லை அவர். உள்ளத்தின் கொதிப்பு உடலின் அசைவாயிற்று. அசைவு துணியில் தடமாயிற்று.

தடம் பார்க்கத் தெரியாதவரா நீங்கள்? நட்ட வயலைக் கண்டதும், பழகிய கையா புதுக் கையா என்று உழவர் சொல்லிவிடுவார். பூசிய சுவரைத் தடவியே, கரணை பிடித்த கையின் பக்குவத்தைக் கொத்தனார் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணோடு பாருங்கள். கிறுக்கல் என்று ஒதுக்கியதில் ஒரு மனிதன் நடந்ததும் நின்றதும் தெரியும்.

பசி தீராத உலகில் படத்துக்கா பணம்? புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. ஆனால் ஒன்றை எண்ணுங்கள். அதுவரை தனியார் ஒருவரிடம் இருந்த படம் அது. அரசு வாங்காதிருந்தால் ஏழையின் தட்டில் சோறாகியிருக்காது. இன்னொரு செல்வரின் சுவரில் ஏறியிருக்கும். பொதுமக்களுக்குச் சோறு போதும், கலை அவர்களுக்கு எட்டாது என்பது இரக்கப் பேச்சு அன்று, ஏமாற்றுப் பேச்சு.

சோறும் வேண்டும், சுவையும் வேண்டும். இரண்டையும் கேட்கும் உரிமை உழைப்பவனுக்கு உண்டு!