பானெட்டுக்குள் ஒரு சூடு, பானெட்டிலேயே ஒரு சூடு
ஹாட் ராட் கதை – 6

1932-ஆம் ஆண்டு ஃபோர்டின் வி8 இன்ஜினைச் சென்ற வாரம் புகழ்ந்து தள்ளினேன். 65 குதிரைத்திறனைச் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்த இன்ஜின் அது. கலிஃபோர்னியா இளைஞர்கள் அதன் பின்னால் அலைந்ததில் வியப்பில்லை. இந்த வாரம் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அது கொதிக்கும்.

அந்த இன்ஜினில் வால்வுகள் சிலிண்டர்களின் தலைக்கு மேலே இல்லை. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே பிளாக்கிலேயே புதைந்திருக்கின்றன. எரிந்த புகை அங்கிருந்து சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்குக்குள்ளேயே புகுந்துதான் வெளிப்பக்கத்துக்கு வர முடியும். வழியெல்லாம் தன் சூட்டைக் குளிர்நீரிடம் கொட்டிவிட்டு வரும். ஒரு பக்கத்தின் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே வாசல்; நடுவிலுள்ள இரண்டும் ஒன்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தண்ணீர் பம்புகளையும் ஆரம்பத்தில் ஹெட்டில்தான் பொருத்தியிருந்தார்கள். அவை பிளாக்கின் முன்பக்கத்துக்கு இறங்கியது 1937-ல். இப்படிப்பட்ட இன்ஜினில் கார்புரேட்டரைக் கூட்டி, கம்ப்ரெஷனை ஏற்றி, இன்னும் வேகம் கேட்டால் என்ன ஆகும்?

ஆகவே பானெட்டைத் திருத்துவது அலங்காரத்தில் தொடங்கவில்லை. ஃபோர்டு கம்பெனியே பானெட்டின் பக்கத் தகடுகளில் லூவர் வெட்டித்தான் விற்றது. ஆரம்ப வண்டிகளில் பக்கத்துக்கு 20, பிறகு வந்தவற்றில் 25. லூவர் என்பது தகட்டில் ஒரு ஓரத்தை மட்டும் கிழித்து, மீதியை மேலே உந்திப் புடைக்கவைத்த நீளமான துவாரம். அதன் வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். இளைஞர்கள் செய்ததெல்லாம் அதை மேல் தகட்டுக்கும் கொண்டுபோனதுதான். தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் 1937-ல் அமைந்தது. மறு ஆண்டு ம்யூராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் அதன் ஓட்டங்கள் தொடங்கின. (அந்தப் படுகை இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது.) அங்கே ஓட்டியவர்களுக்கு இன்னொன்றும் புரிந்திருந்தது. ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்றுக்கு வெளியேற வழி வேண்டும். வழியில்லாவிட்டால் அது பானெட்டுக்கு அடியில் தேங்கி, பின்னால் வரும் காற்றையும் தடுக்கும். வேகம் கூடும்போது வண்டியின் மூக்கையும் தூக்கப் பார்க்கும். மேலே ஓடும் காற்று, பின்னோக்கி வாய் திறந்த லூவரிலிருந்து உள்ளே இருப்பதை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது.

எங்கே வெட்டுவது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. முன் கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று முட்டி நின்று அழுத்தம் கூடுகிறது. அந்த இடத்தை ஒட்டி லூவர் வைத்தால் சூடு வெளியே போவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே வரலாம். கண்காட்சி வண்டிகளில் பானெட் முழுக்க, கடைசி விளிம்புவரை வரிசை வரிசையாக வெட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். அழகுக்கு என்று சொல்லிவிட்டால் சரி. குளிர்ச்சிக்கு என்று சொல்லக் கூடாது. மழையையும் மறக்கக் கூடாது. இந்த இன்ஜினில் ஸ்பார்க் பிளக்குகள் ஹெட்டின் மேல் முகத்தில் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மேல் தகட்டில் லூவர் வெட்டிய வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தினால் தண்ணீர் நேரே எங்கே சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லூவரை வீட்டிலேயே வெட்ட முடியுமா? முடியும், ஆனால் நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆழமான வாய் கொண்ட பிரஸ்ஸும், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் இழுக்கும் டையும் வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் தகடு கொஞ்சம் இழுபடும்; நூறு குத்துக்குப் பிறகு தகடே முறுக்கிக்கொண்டு நிற்கும். வீட்டில் செய்ய வேண்டியது கோடு போடுவது. மையக் கோட்டிலிருந்து அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துப் பார்த்து, அடியில் குறுக்குச் சட்டமோ கீலோ இடிக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, பிரஸ் வைத்திருப்பவரிடம் தகட்டைக் கொடுத்துவிடலாம்.

வீட்டுப் பட்டறைக்கு உண்மையான பரீட்சை வேறு. 1932 ஃபோர்டின் பானெட் நான்கு துண்டு: மேலே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. மேல் துண்டுகளை நடுவில் நீளமான கீல் இணைக்கிறது. பழைய வண்டியை வேகத்துக்காகத் திருத்தி ஓட்டும் ஹாட் ராட்காரர்களுக்கு அந்தக் கீல் கண்ணை உறுத்தும். அதை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக வெல்டிங் செய்து மூன்று துண்டாக்குவார்கள். கேட்க எளிது. ஆனால் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே நேர்கோட்டில் வெல்டிங். இந்த வேலையில் பானெட்டுகள் பாழாகிற இடம் இதுதான்.

சூடுபட்டதும் தகடு விரிந்து நெளிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். விரிந்தது உண்மை, ஆனால் அது ஒரு நொடிக் கதை. சூடான கோடு விரியப் பார்க்கும்போது சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுப்பதில்லை. இளகிய இரும்பு பக்கவாட்டில் போக முடியாமல் தடிக்கிறது. ஆறும்போது சுருங்குகிறது, அதுவும் பழைய அளவுக்கும் கீழே. துவைத்ததும் தையல் நூல் மட்டும் இறுகிப்போன சட்டையைப் போல, வெல்டிங் கோடு குறுகி, இரு பக்கமும் தகடு அலை அலையாக எழும்பும். கையால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய், விட்டால் வெளியே வரும். நோய் சுருக்கம் என்று தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும்: கோட்டை இழுத்துவிட வேண்டும். அடியில் டாலிக் கட்டையைப் பிடித்து, மேலே தட்டையான சுத்தியலால் வெல்டிங்கின் மீதே தட்ட வேண்டும். தட்டத் தட்ட அது மெலிந்து நீளும், அலையும் அடங்கும். இது தெரியாதவர் புடைத்த இடத்தைத் தட்டுவார். அது இன்னும் நீண்டு இன்னும் புடைக்கும்.

அதனால்தான் பழைய கைகாரர்கள் கேஸ் வெல்டிங்கை விடவில்லை. அந்த வெல்டு மென்மையானது, சுத்தியலுக்கு மசியும். டிக் வெல்டிங்கும் நன்று. மிக் வெல்டிங் எளிதாகக் கைவந்தாலும் அதன் கோடு கடினமாக நிற்கும், தட்டினால் கேட்காது. எதுவானாலும் விளிம்புகள் இடைவெளியே இல்லாமல் முட்ட வேண்டும். முதலில் அங்குலத்துக்கு ஒரு பொட்டு வைத்துப் பிடிக்க வேண்டும். அடுத்த பொட்டு பக்கத்தில் அல்ல, தள்ளி எங்கோ. வெறுங்கையால் தொட முடிகிறவரை ஆறவிடாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பொறுமையில்லாதவருக்கு இந்த வேலை ஆகாது. அவர் காசு கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவின் டர்லாக் நகரில் ரூட்லீப் என்ற கம்பெனி இந்தப் பழைய ஃபோர்டுகளுக்கு இன்றும் பானெட் செய்து தருகிறது.

மிச்சமிருக்கும் சின்னப் பள்ளங்களை நிரப்ப இன்று எல்லோரும் பட்டிதான் பூசுகிறார்கள். அந்தக் காலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கி, மெழுகு தடவிய மரக்கரண்டியால் இழைத்தார்கள். இப்போதும் அதைச் செய்ய ஆசைப்படுகிறவர் அரத்தால் மட்டும் ராவ வேண்டும். கிரைண்டர் போட்டால் ஈயத் தூள் நேரே நுரையீரலுக்குப் போகும்.

ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் பானெட் கையில் இருந்தால் அதில் இந்தப் பரீட்சைகள் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. அதை எண்ணெய் பூசிச் சுவரில் மாட்டிவிட்டு, புதிதாக அடித்த தகட்டில் கைவரிசையைக் காட்டலாம். அசல் தகடு இனி வரப்போவதில்லை. லூவர் எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

கீல் போனபின் மேல் துண்டை எதைக் கொண்டு பூட்டுவது? பலர் நாடுவது கால் சுற்றில் திறக்கும் ஸூஸ் பூட்டுகளை. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் ஸூஸ் உருவாக்கிய இவை விமான எஞ்சின் மூடிகளுக்கென்று வந்தவை. ஓடும்போது பானெட் பறந்து கண்ணாடியில் மோதாமல் இருக்க, ஒவ்வொரு பூட்டும் உட்காரும் இடத்தில் அடியில் ஒரு பட்டைத் தகடு வைத்து உறுதிப்படுத்த வேண்டும். ரேடியேட்டர் உறையைச் சரியான உயரத்தில் பொருத்தாவிட்டால் இந்தப் பூட்டுகள் ஒன்றுகூட நேராக விழாது. அடுத்த வாரம் அந்த உறைக்குப் போவோம்.

(தொடரும்)