பருவின் வடு: லேசர் அல்லாத சிகிச்சை முறைகள்

மும்பை மாநகரில் தமிழர் மிகுதியாக வாழும் இடங்களுள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் முக்கியமானவை. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணியை நாடிச் சென்றோர் மாட்டுங்காவிலும், பின்னர் செம்பூரிலும் நிலைகொண்டனர். தொழிலாலும் வருவாயாலும் வேறுபட்ட இம்மூன்று இடங்களிலும், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கவலை பொதுவாகக் காணப்படுகிறது. முகப்பரு ஆறிய பின்னர் கன்னத்தில் எஞ்சும் குழிகளைப் பற்றிய கவலையே அது. பெண் பார்க்க வருவோர் என்ன சொல்வரோ என்று தாய் அஞ்சுகிறாள். மகனோ வகுப்பில் பின்வரிசைக்கு இடம் மாறிக்கொள்கிறான். இம்மாற்றத்தைப் பெற்றோரினும் முன்னதாக ஆசிரியரே கண்டுவிடுவது உண்டு.

இத்தகைய வடுவுக்கு லேசர் ஒன்றே மருந்து என்றும், அதற்குப் பணமில்லாதார் வாளாவிருக்க வேண்டியதே என்றும் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. சாதாரண ஊசி, ஒரு சொட்டு அமிலம், சிறிய வட்டக் கத்தி ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்த வைத்தியர் செய்யும் சிகிச்சைகள் சிலவகை வடுக்களுக்கு லேசரைக் காட்டிலும் ஏற்றவை. எந்த வடுவுக்கு எது பொருந்தும் என்பதை அறிவதிலேயே வெற்றி அடங்கியிருக்கிறது.

வடு உண்டாகும் விதத்தை முதலில் நோக்குவோம். முகத்தின் மயிர்க்கால்களை அடுத்து எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பூப்புப் பருவத்தில் இயக்குநீர்களின் தூண்டுதலால் அவை மிகுதியாகச் சுரக்கின்றன. உதிர்ந்த தோற்செதில்கள் மயிர்க்காலின் வாயை அடைத்துக்கொள்ள, உள்ளே தேங்கும் எண்ணெயில், தோலில் இயல்பாகவே குடியிருக்கும் ஒருவகை நுண்கிருமி பெருகுகிறது. அதனை உடல் எதிர்க்கும்போது தோன்றும் அழற்சியே சிவந்த பருவாகிறது. அழற்சி மயிர்க்காலின் சுவரை உடைத்து ஆழமாக இறங்குமாயின், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரத இழைகள் சிதைகின்றன. ஆறும்போது இழைகள் போதிய அளவு வளராவிடில் அவ்விடம் குழியாகிறது. மிகுதியாக வளர்ந்தால் மேடாகிறது. பருவின் வடுக்களில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது குழி வகையைச் சேர்ந்தவை. பருவை நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் அழற்சியை மேலும் ஆழத்திற்குத் தள்ளிவிடும்.

‘வடு’ என்று மக்கள் கூறுவன எல்லாம் வடுவல்ல. நம் நாட்டவரின் பழுப்புத் தோலில், அழற்சி தணிந்த இடத்தில் நிறமிப் பொருள் மிகுந்து கரும்புள்ளியாகத் தங்கிவிடுகிறது. இது வெறும் நிறமாற்றமே. வெயில் படாமல் காத்து, வைத்தியர் தரும் களிம்பைப் பூசி வந்தால் சில மாதங்களில் மங்கிவிடும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இதனைக் குழியினின்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. அறையின் விளக்குகளை அணைத்து, ஒரு கைவிளக்கைக் கன்னத்தின் பக்கவாட்டில், தோலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். உண்மையான குழியாயின் அதன் ஓரத்தில் நிழல் விழும். கரும்புள்ளியாயின் நிழல் விழாது. நிழல் விழாத முகத்துக்கு ஊசியோ லேசரோ தேவையில்லை. களப் பணியாளர் இவ்வொரு சோதனையைக் கற்றுக்கொண்டாலே பல குடும்பங்களின் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

நிழல் விழும் குழிகளை வைத்தியர்கள் மூன்றாக வகுக்கின்றனர். முதலாவது ஊசித்துளை போன்றது: வாய் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆழமோ மிகுதி. இரண்டாவது பெட்டி போன்றது: செங்குத்தான சுவரும் தட்டையான அடியும் உடையது. மூன்றாவது அலை போன்றது: நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, மெல்லத் தாழ்ந்து மெல்ல உயர்வது. அலைவடுவின் அடியில் நார்த்தளைகள் தோலைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டியிருக்கும். இரு விரல்களால் கன்னத்தை இழுத்துப் பிடித்தால் அலைவடு பெரும்பாலும் மறைகிறது, ஊசித்துளை மறைவதில்லை. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருப்பதே வழக்கம். ஆதலின் ஒரே சிகிச்சையால் எல்லாம் தீரும் என்று உறுதி கூறுவோரைச் சந்தேகிப்பதே நலம்.

அலைவடுவுக்குரிய முறை தளையறுத்தல் ஆகும். இதனை 1995 இல் அமெரிக்க வைத்தியர்களான ஓரென்ட்ரைக் இருவர் விவரித்து வெளியிட்டனர். தோலை மரக்கச் செய்தபின், வைத்தியர் ஊசியைத் தோலுக்கு இணையாக அடியில் செலுத்தி, விசிறி போல முன்னும் பின்னும் அசைத்து நார்த்தளைகளை அறுக்கிறார். அறுபடும் ஓசை சில வேளைகளில் காதுக்கே கேட்கும். கட்டவிழ்ந்த தோல் மேலே எழுகிறது. அடியில் ஊறும் சிறிதளவு குருதி, புதிய கொலாஜன் வளர்வதற்கு இடமாகிறது. ஒருவாரம் அல்லது அதற்கு மேலும் கன்னம் கன்றி வீங்கியிருக்கும். மாத இடைவெளிகளில் சிலமுறை திரும்பச் செய்ய வேண்டிவரும். இதற்கெனத் தனிவகை ஊசி உண்டாயினும், மருந்தேற்றும் சாதாரண ஊசியைக் கொண்டே பல வைத்தியர்கள் இதனைச் செய்துவருகின்றனர். நெற்றிப்பொட்டிலும் தாடையோரத்திலும் முகநரம்பின் கிளைகள் மேலோட்டமாகச் செல்வதால், பயிற்சியற்றோர் கை வைத்தால் முகம் கோணிப்போகும் அபாயம் உண்டு. ஆஸ்பிரின் போன்ற, குருதி உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போர் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

ஊசித்துளை வடுவைத் தளையறுத்தலால் நிரப்ப இயலாது. லேசர்க் கதிரும் அதன் அடிவரை எளிதில் எட்டுவதில்லை. இங்குதான் அமிலம் உதவுகிறது. ட்ரைகுளோரோ அசெடிக் அமிலத்தை முகம் முழுவதும் பூசாமல், கூராக்கிய மரக்குச்சியின் நுனியால் தொட்டு ஒவ்வொரு துளையின் அடியிலும் அழுத்தும் முறையைத் தென்கொரிய வைத்தியர்கள் 2002 இல் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட கரைசல்கள் 65 சதவீதமும் 100 சதவீதமும் வலிமையுடையவை. குச்சி பட்ட இடம் நொடிகளில் வெண்மையாகிறது; பின்னர்ப் பொருக்குக் கட்டிச் சில நாட்களில் உதிர்கிறது. துளையின் சுவர் உள்ளிருந்து புதிய கொலாஜனை வளர்த்து மெல்ல நிரம்புகிறது. சுற்றியுள்ள நல்ல தோலை அமிலம் தீண்டாததால் ஆறுதல் விரைவாகிறது.

இம்முறை கொரியரின் வெளிர்நிறத் தோலுக்குப் பொருந்தியது போல நம்மவர் தோலுக்கும் பொருந்துமா என்ற ஐயம் இயல்பே. புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர் நீதி குங்கரும் அவருடைய துணைவர்களும் கருநிறத் தோலுடைய 30 பேருக்கு 100 சதவீத அமிலத்தால் சிகிச்சை செய்து, அதன் பயனை 2011 இல் வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு நல்ல பயன் கிட்டியது; நிறமாற்றம் வெகு சிலருக்கே தோன்றியது. ஆயினும் இந்த அமிலத்தைக் கடையில் வாங்கி வீட்டில் பூசுவது முகத்தில் திராவகம் ஊற்றிக்கொள்வதற்கு ஒப்பாகும். ஒரு துளி வழிந்தால், முன்பிருந்த சிறு குழி பெருங்குழியாகிவிடும்.

அமிலத்தால் நிரம்பாத ஆழ்ந்த துளைகளையும் பெட்டிக்குழிகளையும் உருளை வடிவச் சிறு கத்தியால் வெட்டியெடுத்துத் தைப்பதும், அடித்தோலை மேலே உயர்த்தி நிறுத்துவதும், காதின் பின்புறத்திலிருந்து எடுத்த தோலை அங்கே பதிப்பதும் உண்டு. தோலைச் சுழல் தூரிகையால் தேய்த்தெடுக்கும் முறை 1950களில் பெயர் பெற்றிருந்தது. பழுப்புத் தோலில் அது திட்டுத்திட்டாக நிறத்தை மாற்றிவிடுவதால் இன்று அருகிவிட்டது.

ஆழம் குறைந்த பெட்டிக்குழிகளுக்கும் அலைவடுக்களுக்கும் நுண்ணூசி உருளை பயன்படுகிறது. ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள நுண்ணூசிகள் பதித்த உருளையை, மரப்புக் களிம்பு பூசிய கன்னத்தில் பல திசைகளிலும் உருட்டுகின்றனர். மேற்தோல் கழன்றுவிடாமல் நிற்பதால் கருமை படியும் அபாயம் குறைவு. நம்மவர்க்கு இது ஏற்ற முறையாவதற்கு இதுவே காரணம். ஸ்ரீநகர் வைத்தியர் இம்ரான் மஜீத் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை முடித்த 36 பேருள் 34 பேருக்கு வடுவின் கடுமை ஒரு படியோ இரு படிகளோ குறைந்தது. ஊசித்துளை வடுக்களில் மட்டும் பயன் சுமாராகவே இருந்தது. இதே உருளைகள் இன்று வலைவழி அங்காடிகளில் எளிதாகக் கிடைக்கின்றன. தோழியர் ஒருவர் மாற்றி ஒருவர் உருட்டிக்கொண்டால், குருதி வழிப் பரவும் மஞ்சட்காமாலை முதலிய நோய்கள் தொற்றக்கூடும். உயிருள்ள பருக்களின் மேல் உருட்டினால் சீழ் முகமெங்கும் பரவும்.

மார்பிலும் தோளிலும் தாடையிலும் மேடாக எழும் வடுக்கள் வேறு இனம். ட்ரையம்சினலோன் என்னும் மருந்தை வடுவினுள்ளேயே ஊசியால் செலுத்துவதும், சிலிக்கோன் பசையைப் பூசுவதும் இவற்றுக்குரியவை.

இவ்வளவும் கூறுவதால் லேசர் பயனற்றதென்று கொள்ளலாகாது. வடுச் சிகிச்சையில் மிகுதியாகக் கையாளப்படும் கரியமிலவாயு லேசரை 1964 இல் கண்டுபிடித்த குமார் பட்டேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தவர். தோலைப் புள்ளிபுள்ளியாக மட்டும் சுடும் முறை 2004 இல் வந்தபின் அதன் அபாயமும் குறைந்தது. ஆயினும் லேசர்க் கதிர் நார்த்தளையை அறுக்காது. அதன் வெப்பமே பழுப்புத் தோலில் புதிய கருமையைத் தோற்றுவிக்கவும் கூடும். ஆதலின் தளையறுத்தலும் அமிலமும் முன்னே வர, தேவையாயின் லேசர் பின்னே வருவது பல வடுக்களுக்குப் பொருத்தமான வரிசை. எம்முறையாலும் முகம் பழையபடி முழுவதும் வழவழப்பாவதில்லை. பாதிக்கு மேல் குறைந்தாலே அது நற்பயன் என்று வைத்தியர்கள் கருதுகின்றனர்.

புதிய பருக்கள் தோன்றிக்கொண்டிருக்கும் முகத்தில் வடுவைச் செப்பனிடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. முதலில் பரு அடங்க வேண்டும். அதற்குத் தடையாக நிற்பவற்றுள் மிகக் கொடியது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற மருந்துகள் சேர்ந்த களிம்புகளை முகம் வெளுக்கவும் பரு மறையவும் பலர் தாமாகவே வாங்கிப் பூசுகின்றனர். முதற் சில வாரங்கள் முகம் பளிச்சிடும். பின்னர்த் தோல் மெலிந்து சிவக்கும், மயிர் வளரும், பருக்கள் முன்னிலும் மிகும். நிறுத்தினால் எரிச்சலும் கொப்புளமும் கிளம்புவதால் மீண்டும் அதையே நாடுவர். இந்தியாவின் பல நகரங்களில் முகத்தோல் நோயாளிகள் 2,926 பேரிடம் நடத்தி 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசிவந்தது தெரிந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வைத்தியர் அல்லாதாரின் பேச்சைக் கேட்டே தொடங்கியவர்கள். 2018 மார்ச் மாதத்தில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது.

நெற்றியில் மட்டும் சிறு பருக்கள் நெருங்கி எழும் மாணவியரின் தலையில் எண்ணெய் வழிகிறதா என்பதையும் ஆசிரியைகள் கவனிக்கலாம். எண்ணெயை முடியோடு நிறுத்திக்கொள்வது சிலருக்குப் போதும். கடும் பருக்களுக்கு வைத்தியர் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சிறந்த பயன் தருவது; ஆனால் கருவைக் கொடுமையாக ஊனப்படுத்தும் தன்மையுடையது. உண்ணும் காலத்திலும், நிறுத்தியபின் ஒரு மாதமும் பெண்கள் கருத்தரிக்கலாகாது. இம்மாத்திரையை நிறுத்தி ஆறு மாதம் கழிந்தே வடுச் சிகிச்சை செய்யலாம் என்பது பழைய கொள்கை. பெரும்பாலான சிறு சிகிச்சைகளுக்கு அக்காத்திருப்பு வேண்டியதில்லை என 2017 இல் இந்தியத் தோல் மருத்துவ வல்லுநர் குழு ஒன்று வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வெயில் தடுப்புக் களிம்பு இன்றியமையாதது.

தாராவியில் ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும் நகர்ப்புறச் சுகாதார நிலையம், சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனையைச் சேர்ந்தது. மருத்துவக் கல்லூரியோடு இணைந்த இத்தகைய மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு முதலில் செல்வதே முறை. திருமணமோ தேர்வோ நெருங்கிய பின் செல்வதில் பயனில்லை. பல தடவை வர நேரிடுமாகையால் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். செல்லும்போது, இதுவரை பூசிய களிம்பின் குழாயைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். அதன்மீது அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்த பிறகே சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவதென வைத்தியர் தீர்மானிப்பார்.