கறுப்பு மருதோன்றி வேண்டாம்

பெருநாள் நெருங்கினால் கண்டியிலும் அக்குறணையிலும் மருதோன்றிக் கோன் வாங்காத வீடேது? வாங்குமுன் நிறத்தைக் கவனியுங்கள், சகோதரிகளே.

அரைத்த இலை முதலில் செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகும். இலையிலுள்ள லோசோன் எனும் சாயத்தின் இயல்பு அது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடித்தால், தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. கலந்திருக்கக்கூடும். அதனால் கை கொப்புளித்து வடுப்படலாம். அதோடு போகாது, ஒருமுறை ஒவ்வாமை கண்டவருக்குப் பல ஆண்டு கழித்துத் தலைச்சாயம் பூசினாலும் முகம் வீங்கலாம். மணப்பெண்ணுக்கு இந்தச் சோதனை எதற்கு?

நம் உம்மம்மாமார் இலையை அம்மியில் அரைத்து, தேசிக்காய்ப் புளி விட்டு, இரவு முழுக்கக் கையில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். அவசரமே படவில்லை!

கைக்குழந்தைக்கு மட்டும் நல்ல இலையும் பூச வேண்டாம். ஜி6பிடி எனும் நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளையாக இருந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்.